மூலமும் புதுக்கமும்

பழம் நூலொன்றைப் பதிப்பிப்போன் முதற்கண் அறியவேண்டுவது, தான் கையாள்வது மூலபாடமோ பிற்காலத் திருத்தமோ என்பதாம். கணினி விளையாட்டுக்களைப் பேணுவோர்க்கும் இவ்விதி பொருந்தும்.

றொன் கில்பேட் தலைமையில் உருவாகி 1990இல் வெளிவந்த ‘த சீக்கிறெற் ஒவ் மங்கி ஐலண்ட்’ என்னும் கடற்கொள்ளையர் கதை விளையாட்டு, 2009இல் புதுக்கப்பட்டது. சித்திரங்கள் புதிதாகத் தீட்டப்பட்டன. பாத்திரங்கள் குரல் பெற்றன. ஒரு விசையை அழுத்தின் பழைய காட்சி அக்கணமே தோன்றும். பழைமையையும் புதுமையையும் ஒப்புநோக்கச் செய்த இவ்வேற்பாடு பாராட்டற்பாலதே.

எனினும், அங்குப் பழையதெனக் காட்டப்படுவது 256 வண்ணப் பதிப்பேயாம். அதற்கு முந்திய 16 வண்ணப் பதிப்போ இடம்பெற்றிலது. சில நிறப் புள்ளிகளை நெருக்கி இருளையும் ஒளியையும் காட்டிய ஓவியர் திறன் அதனாற் புலனாகாதொழிந்தது. விளையாட்டைத் தொடங்குமுன் கொள்ளையர் முகங்களைப் பொருத்தி ஆண்டைக் கண்டறிதற்கு உதவிய அட்டைச் சக்கரமும் மறைந்தது. கள்ளப் பிரதியைத் தடுக்க எழுந்ததாயினும், அதுவும் அவ்வனுபவத்தின் ஓர் உறுப்பே.

2001இல் தொடங்கிய ஸ்கம்விஎம் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. அது பழைய இயக்குநிரலின் இடத்தில் தான் நின்று, மூலக் கோப்புக்களை மாற்றாது வாசித்து, இன்றைய கணினிகளில் இயக்குகின்றது. 16 வண்ணப் பதிப்பும் அதன்வழி இயங்கும். ஆயின், மூலக் கோப்புக்கள் அழியின் அதனாலும் பயனில்லை.

புதுக்கம் புதியோரை அழைக்கும்; மூலமே அவர்தம் ஐயத்துக்கு விடைகூறும். ஆதலின், புதுக்குவோர் தாம் எடுத்துக்கொண்ட பதிப்பு யாதென்பதையும், விடுத்தவை யாவை என்பதையும் வெளிப்பட உரைத்தல் கடனாகும்.