'கம்யூனிட்டி' என்றால் என்ன?

செங்கல்பட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று 'கம்யூனிட்டி' என்று சொல்லிப் பாருங்கள். "எந்தக் கம்யூனிட்டி? எம்.பி.சி.யா, எஸ்.சி.யா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். நம் சனங்கள் அந்த ஆங்கிலச் சொல்லை இந்த மண்ணுக்குச் சரியாகவே பெயர்த்துக் கொண்டுவிட்டார்கள். பிசகியது சமூகப்பணிப் பயிற்சியின் சொல்லாடல்தான். அதில் கிராமம் என்பது ஒரு 'சமுதாயம்'. அதற்குத் தேவைகள் உண்டு, வளங்கள் உண்டு, தலைவர்கள் உண்டு. பணியாளர் போய் அவற்றைக் 'கண்டறிந்தால்' போதும்.

1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே இந்தக் கற்பிதமும் கூடவே வந்தது. மக்களின் முன்முயற்சியைத் திட்டம் எழுப்பவில்லை என்று 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு சொன்னது. பிறகு பாவ்லோ ஃப்ரெய்ரே வந்தார். எண்பதுகளின் இறுதியில் ராபர்ட் சேம்பர்ஸின் பெயரோடு பி.ஆர்.ஏ. வந்தது. தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போடுகிறார்களே, அது. இதை நக்கலடிப்பது சுலபம். எழுத்தறியாத பெண்ணிடம் 'நீ வரை' என்று பொடியைக் கொடுப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் எங்கே உட்கார்ந்து வரைகிறாள்? ஊர்த்தெருவில், நாலு பெரிய மனிதர்கள் சுற்றி நிற்க. அவர்களில் ஒருத்தர் உழுகிற வயலைக் காட்டி 'இது பஞ்சமி நிலம்' என்று சேரிப் பெண் கோடு போடுவாளா?

இந்த மாவட்டத்தின் முதல் 'தேவை மதிப்பீடு' 1891இல் நடந்தது. பறையர்களின் நிலை பற்றிச் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருப்பதால் கூலியாள் வாய் திறக்க முடியாது என்பதை அவர் கண்டிருந்தார். 1892இல் அரசாணை பிறந்தது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு நிலம் தரப்பட்டது. அந்த நிலம் பெருமளவு கைமாறிப் போன கதை நமக்குத் தெரியும். 1994இல் காரணையில் அதைக் கேட்டு எழுந்தார்கள். அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு; ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். மக்கள் தம் தேவையைத் தாமே கண்டறிந்து சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் உண்டா? எத்தனை சமூகப்பணி வகுப்புகளில் காரணை ஒரு பாடம்?

கடற்கரைப் பக்கம் வாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் வந்த நிறுவனங்கள் 'சமுதாய அமைப்பு' எது என்று தேடியபோது மீனவ ஊர்ப் பஞ்சாயத்து தயாராக இருந்தது. வலுவான, மதிக்கத்தக்க அமைப்புதான். ஆனால் அது வைத்திருக்கிற கணக்கு தலைக்கட்டு வரி கட்டும் ஆண்களின் கணக்கு. அந்தப் பட்டியல் வழியே நிவாரணம் இறங்கியது. உப்பங்கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளரும், கரையோரத் தலித்துகளும் பல இடங்களில் விடுபட்டார்கள். 'மக்கள் பங்கேற்பு' குறைவில்லாமல்தான் நடந்தது!

அதே கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்புத்தோல் வியாபாரம் தடையான பிறகு பிழைப்பற்றுப் போனவர்கள், பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அது மூலப்பொருள். இங்கே யாரும் இருளருக்கு 'விழிப்புணர்வு' ஊட்டவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததே தொழிலாயிற்று. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள்; 2023இல் பத்மஸ்ரீ. இந்தப் பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று கேட்டுக் கோட்டாட்சியர் ஆபீசுக்கு நடையாய் நடக்கிற இருளர் குடும்பங்கள். விருதோ கூட்டுறவோ இதைத் தீர்த்துவிடாது என்பதும் தெரிந்ததே.

களப்பணிக்கு வரும் மாணவரை முதல் வாரம் கோலப்பொடியோடு அனுப்ப வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்புங்கள். அ-பதிவேட்டைக் கேட்கட்டும், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டோடு வைத்து சர்வே எண் சர்வே எண்ணாகப் பார்க்கட்டும். பிறகு சேரியில் போய் உட்கார்ந்து, அந்த எண்களை வாய்விட்டுப் படிக்கட்டும். அன்று சாயங்காலத்துக்குள் ஊர்த்தெருவிலிருந்து யாராவது வந்து, "தம்பி, நீ எந்தக் கம்யூனிட்டி?" என்று கேட்பார்கள்.