வன்றொண்டரின் ஊன்றுகோல்: துன்பமும் இறைநம்பிக்கையும் குறித்த ஒரு மறுவாசிப்பு

பக்தி இலக்கியத்தில் துன்பத்தை எதிர்கொள்ளும் மனநிலையைப் பற்றிப் பேசப் புகுவோர்க்குக் குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழி ஐந்தாம் பதிகமே முதலில் நினைவுக்கு வருகின்றது. அறுத்தும் சுட்டும் வலி தந்தாலும் மருத்துவன்பால் நோயாளி கொண்ட அன்பு மாறாது என்னும் உவமை அழகியது; ஐயமில்லை. எனினும், அதனையே பக்தியின் ஒரே இலக்கணமாகக் கொண்டு, நம் தோட்டப்புற மக்களின் வழிபாட்டையும் விதியைப் பொறுத்துக்கொள்ளும் மனப்பாங்கு என்று முடிவுகட்டிவிடுவது பொருந்துமா? பிரிஞ்சாங்கில் உள்ள தெண்டாயுதபாணி ஆலயத்தில் ஒரு மாலை தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தபோது எழுந்த இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கையில் தண்டேந்திய இறைவனின் திருமுன்னர்ச் சுந்தரர் பெற்ற ஊன்றுகோல் நினைவுக்கு வந்தது தற்செயலே.

சேக்கிழார் கூறும் வரலாறு பலரும் அறிந்தது. சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், ஆரூர் நினைவால் அவ்வூர் எல்லையைக் கடந்தபொழுதே இருகண் பார்வையையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் அவர் வேண்டியது பார்வை; கிடைத்தது ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் மீண்டன. (வெண்பாக்கத்துப் பழைய கோயிலும் 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்து, வேறிடத்தில் புதிதாக எழுப்பப்பட்டது. ஊன்றீசுவரர் என்னும் பெயர் மட்டும் மாறவில்லை.)

வெண்பாக்கப் பதிகத்தையும் ஆரூர்ப் பதிகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஒரு முரண் புலனாகும். முன்னதில், பிழை செய்தாலும் பொறுப்பார் என்று நம்பியே பிழைத்ததாகச் சுந்தரர் ஒப்புக்கொள்கிறார். கோயிலினுள் இருக்கின்றீரோ எனக் கேட்டவருக்கு, உள்ளோம், நீர் போகலாம் என்னும் பொருள்பட ஒரு விடை கிடைக்கின்றது. அவ்விடையையே இறுதிப் பாடல் நீங்கலாக ஒவ்வொரு பாடலின் ஈற்றிலும் வைத்து, இறைவனைப் படர்க்கையில் நிறுத்தி, ஊரார் முன் சாட்சி சொல்வார் போலப் பாடுகிறார். ஆரூரிலோ படர்க்கை முன்னிலையாகின்றது; ஒப்புக்கொண்ட பிழையும் மறைகின்றது. தாம் குற்றம் ஒன்றும் செய்யவில்லை என்கிறார். அடியார் அல்லல் சொன்னால் வாய்திறவாது இருப்பவரே, நன்றாக வாழ்ந்து போங்கள் என்று மரியாதைப் பன்மையிலேயே இடித்துரைக்கிறார். ஒருமையில் ஏசியிருந்தால் இத்துணை கசந்திராது.

அப்பதிகத்தில் ‘முட்டு’ என்னும் சொல் ஆளப்படும் திறம் தனித்து நோக்கத்தக்கது. கன்று முட்டப் பசு பால் சுரக்கின்றது. கண் காணாத அடியார் குன்றில் முட்டிக் குழியில் வீழ்கின்றார். பாசத்தைச் சுட்டிய சொல்லே பரிதவிப்பையும் சுட்டுகின்றது. பிரிஞ்சாங் மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்க்கு இவ்வடிகளுக்கு உரை வேண்டியதில்லை.

மற்றொரு குறிப்பு பொருளியல் சார்ந்தது. தம்மை விற்றுக்கொள்ளும் உரிமையும் இறைவனுக்கு உண்டு, ஆயின் தாம் ஒற்றிப் பொருள் அல்லர் என்கிறார் சுந்தரர். ஒற்றியூரில் தொடங்கிய துன்பத்தை ஒற்றி என்னும் சொல்லாலேயே வழக்காடுவது அவர்க்கே உரிய குறும்பு. அவர் வாழ்வு திசைமாறியதும் ஓர் ஆவணத்தாலன்றோ! திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் பாட்டனார் எழுதித் தந்த ஆளோலையைக் காட்ட, மணம் நின்றது. வல்வழக்குப் பேசியதால் வன்றொண்டர் என்னும் பெயர் வந்தது. டேவிட் சுல்மன் 1990இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் அப்பெயரையே தலைப்பாக்கினார். அத்தெரிவு சரியானது என்பதே என் கருத்து.

மலாயாவில் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. தோட்டத்திற்கு உதவியுடன் ஆளனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. எனவே இம்மலை ஏறியவர்களைக் கைந்நாட்டு இட்ட ஒப்பந்தக் கூலிகள் என எழுதுவது பிழை. ஆயினும் அவர்களின் தந்தையர் தலைமுறைக்கு ஆளோலை புராணச் செய்தியன்று. ஒற்றி வைக்கப்பட்ட உயிர் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்கள், இறைவனிடம் மட்டும் தங்களை ஒற்றியாக அன்றி முழுவதுமாக ஒப்படைத்தார்கள். ஒப்படைத்தவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கண்ணில்லையா உனக்கு என்று முருகனை வைது அழும் தாயின் குரலை நம்பிக்கைக் குறைவெனக் கொள்வோர், கேளாதவனிடம் எவரும் முறையிடுவதில்லை என்பதை மறக்கின்றனர்.

சேக்கிழார் இப்பகுதியில் சற்று விரைந்துவிடுகிறார் என்றே தோன்றுகின்றது. சூளுறவு தவறியதற்கான விளைவு என்னும் சட்டகத்துள் அடங்கியதும் பதிகத்தின் காரம் தணிகின்றது, வலக்கண்ணும் மீள்கின்றது. பதிகத்திலோ அது மீளவில்லை. பாடுவோர் அடையும் பயனைச் சொல்லி முடிப்பதே வழக்கமாயிருக்க, ஆரூர்ப் பதிகத்தின் இறுதிப் பாடல் பயன் ஏதும் கூறவில்லை. உலகறியக் கண்ணைப் பறித்த பழி உம்மையே சாரும் என்று, ஒரு கண்ணோடு, அவ்வாயிலிலேயே நிற்கின்றது.