கப்பல் வந்த நாளும் வராத நாளும்

1736 செப்டம்பர் 6ஆம் தேதி ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரியில் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது அவருக்கு வயது 27. அன்றைக்கு அவர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைமை மொழிபெயர்ப்பாளரான பெரிய துபாஷி இல்லை. அந்தப் பதவியில் கனகராய முதலியார் இருந்தார். துய்ப்ளேக்ஸ் கவர்னராக வர இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. பின்னால் நாம் சரித்திரம் என்று பேர் வைத்த சங்கதி எதுவும் அவர் வாசலுக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் எழுதத் தொடங்கினார். இந்த ஒன்றுக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். எழுதும்படியாக ஏதாவது நடக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டணத்தைப் பிடித்தபோது, பழகின கை தயாராக இருந்தது.

தொடங்கும்போதே தன் எல்லையை அவர் வகுத்துக்கொண்ட அழகைப் பாருங்கள். காதில் விழுவது, கண்ணில் படுவது, துறைக்குக் கப்பல் வருவதும் போவதும், நடக்கிற புதுமைகள்: இவ்வளவுதான் அவருடைய திட்டம். வாழ்க்கையின் பொருளை ஆராய்வதாகச் சபதம் எதுவும் இல்லை. தினமும் நிறைவேற்றக்கூடிய காரியத்தைத்தான் ஒப்புக்கொள்கிறார். காதும் கண்ணும் யாருக்கும் எப்போதும் கூடவே இருப்பவை. கப்பலோ அவருடைய பிழைப்பு. அன்றைய பாண்டிச்சேரியில் கப்பல் கரைக்கே வந்துவிடாது. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும், சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் கடிதத்தையும் ஆளையும் இறக்கி வரும். வியாபாரி ஒருவன் எப்படியும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். பார்த்ததை எழுதிவைப்பது கூடுதலாக ஒரு படி, அவ்வளவே. எழுத்தை அவர் வாழ்க்கைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கவில்லை. அதனால்தான் அது 1761 வரைக்கும் நீடித்தது என்று நினைக்கிறேன். நடுவே எழுதாத நாட்களும் உண்டு, காணாமற்போன பகுதிகளும் உண்டு. விட்ட இடம் தெரிகிறது. திரும்ப வந்து உட்கார்ந்ததும் தெரிகிறது.

ஒவ்வொரு நாளும் தொடங்குகிற விதத்தை நான் திரும்பத் திரும்ப ரசிப்பேன். வருஷத்தின் பெயர், மாதம், தேதி, கிழமை. முதல் குறிப்பு நள வருஷம் ஆவணி மாதத்தில் விழுகிறது. நம் கணக்கும் ஐரோப்பியக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். வெறும் சடங்கு மாதிரி இருக்கிற இந்த வரி செய்கிற உபகாரம் பெரிது. எழுத உட்கார்ந்தவருக்கு முதல் வாக்கியம் எது என்ற திகைப்பே இல்லை. தேதியைப் போட்டாயிற்று, கிழமையைப் போட்டாயிற்று, கை ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு கவர்னர் எத்தனை மணிக்கு எங்கே போனார், எந்தக் கப்பல் பாய் தெரிந்தது, கோட்டையில் எத்தனை பீரங்கி மரியாதைக்குச் சுட்டார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அந்தப் பீரங்கி எண்ணிக்கைகளைச் சலிப்பு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அவை தேன். எந்தத் துரைக்கு எத்தனை குண்டு என்பதில் அந்த ஊரின் மேல்கீழ் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை விளக்காமல் எண்ணி மட்டும் வைத்தார் பாருங்கள், அங்கே இருக்கிறது எழுதுகிறவரின் நிதானம்.

அவருடைய மொழிக்கு வருவோம். அவரைச் சுற்றிப் புலவர்கள் இருந்தார்கள். அவர்மேல் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடப்பட்டது, வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு எழுதப்பட்டது. அலங்காரம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தன் நோட்டில் அவர் எழுதியது பண்டகசாலையிலும் கடைத்தெருவிலும் புழங்கின தமிழ். முசியே, கோன்சேல் மாதிரியான பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் வாயில் வந்தபடியே ஏட்டிலும் ஏறின. வாக்கியம் முடியாமல் நீண்டுகொண்டே போகும்; ஒருவர் சொன்னதற்குள் இன்னொருவர் சொன்னது நுழையும். இலக்கணக்காரர் முகம் சுளிப்பாரோ என்ற கவலை ஒரு வரியில்கூட இல்லை. தன் குரலில் இதைவிடப் பெரிய நம்பிக்கையைத் தமிழ் உரைநடையில் அந்த நூற்றாண்டில் நான் பார்த்ததில்லை.

யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் அவர் விடமாட்டார். இன்னார் வந்து சொன்னார், அதற்கு நான் இப்படிச் சொன்னேன், அதன்மேல் அவர் இப்படிச் சொன்னார் என்று பேச்சு பேச்சாகவே இறங்கும். 1748இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்ட பக்கங்களில் இந்தப் பழக்கத்தின் முழு பலம் தெரியும். அவருக்கு அது நெஞ்சை அறுத்த விஷயம். அதற்குக் காரணம் என்று அவர் கருதிய துய்ப்ளேக்ஸின் மனைவிமேல் இருந்த கோபத்தை அங்கே மறைக்கவும் இல்லை. ஆனால் கோபத்தோடு நின்றுவிடவில்லை. யார் யார் வந்து முறையிட்டார்கள், தான் என்ன யோசனை சொன்னார், கோயில் பொருள்களை எடுத்துப்போவது பற்றி என்ன பேச்சு நடந்தது என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. அழுகையைவிட அந்த வரிசைதான் படிக்கிறவனை உலுக்குகிறது. பழகாத கை அன்றைக்கு வெறும் வசவை எழுதியிருக்கும், அல்லது ஒன்றுமே எழுதியிருக்காது.

அதற்கு முந்தின நூற்றாண்டில் லண்டனில் சாமுவேல் பெப்பிஸும் இப்படி ஒரு குறிப்பு வைத்திருந்தார், சுருக்கெழுத்தில். கண் போய்விடும் என்று பயந்து 1669இல் நிறுத்திவிட்டார். பிள்ளையின் பிற்காலம் இன்னும் கடினமானது. 1754இல் துய்ப்ளேக்ஸ் பிரான்சுக்குத் திரும்பிப் போனார். கனகராய முதலியாருக்குப் பின் தனக்குக் கிடைத்திருந்த துபாஷிப் பதவியும் 1756இல் கைவிட்டுப் போயிற்று. கடன், நோய், ஊரில் பகை. கவர்னர் மாளிகையின் காலை அழைப்புகள் நின்றுபோன பிறகும் தேதியும் கிழமையும் விழுந்துகொண்டே இருந்தன. பதவிக்காக எழுதியவர் என்றால் அங்கேயே முடித்திருப்பார். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் ஆய்வாளர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு அதுதான் மிக நெருக்கமான பகுதி என்பது என் கட்சி.

1761 ஜனவரியில் அவர் இறந்தார்; அதே மாதம் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. குறிப்பை அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்தார். 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் படும்வரை அந்த ஏடுகள் அந்தக் குடும்பத்தோடு கிடந்தன. பிறகு அவை ஆங்கிலத்தில் 1904 தொடங்கி 12 தொகுதிகளாக வந்தன. நம் காலத்தில் பிரபஞ்சன் அவற்றிலிருந்து நாவல்களே எடுத்தார். புதிதாகப் படிக்கிறவர்கள் முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 1746இல் நுழையுங்கள். பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனேவும் துய்ப்ளேக்ஸும் சென்னைப்பட்டணத்துக்காக மல்லுக்கட்டுகிறார்கள், கனகராய முதலியார் இறந்து சொத்துச் சண்டை கிளம்பியிருக்கிறது, அடுத்த துபாஷி யார் என்று ஊரே பேசுகிறது. பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கப்பலையும் எண்ணிக்கொண்டு, ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவரின் முழு வேகத்தில் இருக்கிறார்.