பந்தை யாரிடம் கொடுப்பது?

2020 டிசம்பர் 26, மெல்போர்ன். இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பந்து இன்னும் புதிது. ஆடுகளத்தில் காலை ஈரம் காயவில்லை. ஆஸ்திரேலியாவில் அந்த நேரத்தில் பெரும்பாலான கேப்டன்கள் வேகப்பந்து வீச்சாளர்களையே நம்பியிருப்பார்கள். இந்தியக் கேப்டனாக நின்ற அஜிங்க்ய ரஹானே பந்தைச் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினிடம் கொடுத்தார். அந்த ஈரத்தில் பந்து திரும்பும், எகிறும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

மேத்யூ வேட் தூக்கி அடித்து ஜடேஜாவிடம் பிடிபட்டார். அடுத்து ஸ்டீவ் ஸ்மித், ரன் எடுக்காமலே லெக் கல்லியில் நின்ற புஜாராவிடம் கேட்ச். 38 ரன்னுக்கு 3 விக்கெட். அந்த இன்னிங்ஸ் 195-இல் முடிந்தது. ஸ்மித்துக்கு லெக் சைடில் வலை விரிக்கும் திட்டத்தில் பயிற்சியாளர்களான ரவி சாஸ்திரிக்கும் பரத் அருணுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் திட்டத்தை எந்த ஓவரில், யார் கையால் நிறைவேற்றுவது என்பதைக் களத்தில் நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டிருந்தது. குழந்தை பிறப்புக்காக விராட் கோலி ஊர் திரும்பிவிட்டார். முகமது ஷமிக்குக் கையில் எலும்பு முறிவு. அந்த நிலையில் பொறுப்பேற்ற ரஹானே ஆவேசம் காட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அதைப் பலர் பலவீனமாகப் பார்த்தார்கள். எனக்கு அதுவே அவருடைய பெரிய பலம் என்று தோன்றுகிறது. தலைவனின் முகத்தில் பதற்றம் தெரிந்தால் பத்து பேருக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

சிராஜைக் கையாண்ட விதத்தைப் பாருங்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின்போது தந்தையை இழந்தும் ஊர் திரும்பாமல் அணியோடு தங்கியவர் அவர். மெல்போர்னில் அவருக்கு முதல் டெஸ்ட். காலையில் அவரிடம் பந்து தரப்படவில்லை. உணவு இடைவேளைக்குப் பிறகே வந்தார். காத்திருந்த பையன் லபுஷேனை 48 ரன்னில் வெளியேற்றினார். சிட்னியில் பார்வையாளர்கள் சிலர் அவரை வசைபாடியபோது ரஹானே அதை உடனே நடுவர்களிடம் கொண்டுபோனார். ஆட்டம் நின்றது, சிலர் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். களத்தை விட்டு வெளியேறும் வாய்ப்பை நடுவர்கள் தந்தும், விளையாடவே வந்திருக்கிறோம் என்று ரஹானே மறுத்ததைச் சிராஜ் பின்னர் சொன்னார். அதே சிராஜ் பிரிஸ்பேனில் 5 விக்கெட் எடுத்தார்.

மெல்போர்னில் இன்னொரு காட்சி. ஜடேஜா அரைசதத்துக்கு ஒரு ரன் தேடி ஓட, 112 ரன்னில் இருந்த ரஹானே ரன் அவுட். வேறு யாராவது என்றால் மட்டையைத் தரையில் அடித்திருப்பார்கள். அவர் ஜடேஜாவைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார். பெவிலியனில் இருந்த இளைஞர்களுக்கு, தவறு செய்தால் இந்தக் கேப்டன் கைவிடமாட்டார் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

சிட்னியின் கடைசி நாளில் இலக்கு 407. தற்காப்பு ஆட்டம் ஆடுவார்கள் என்று ஆஸ்திரேலியா எதிர்பார்த்த வேளையில், ரஹானே ஆட்டமிழந்ததும் விஹாரிக்கு முன்பாக ரிஷப் பந்த் இறங்கினார். அவர் அடித்த 97 ரன்கள் எதிரணியின் ஃபீல்டர்களைப் பின்னுக்குத் தள்ளின. பிறகு விஹாரியும் அஸ்வினும் காயத்தோடு நின்று டிரா செய்தார்கள்.

பிரிஸ்பேனுக்கு வந்தபோது பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி யாரும் இல்லை. களமிறங்கிய ஐந்து பந்துவீச்சாளர்களும் அதுவரை ஆடியிருந்த டெஸ்ட்கள், எல்லாம் சேர்த்து, நான்குதான். வலைப்பயிற்சியில் பந்துவீச அழைத்துச்செல்லப்பட்ட சின்னப்பம்பட்டி நடராஜனும், அதே வேலைக்காக அங்கேயே தங்கவைக்கப்பட்ட வாஷிங்டன் சுந்தரும் முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். இந்தியா 186 ரன்னுக்கு 6 விக்கெட் என்று தடுமாறியபோது ஷர்துலும் சுந்தரும் 123 ரன் சேர்த்தார்கள். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத பிரிஸ்பேனின் காபா மைதானத்தில், 2021 ஜனவரி 19 அன்று இந்தியா 328 ரன் இலக்கைத் துரத்திப் பிடித்தது. கோப்பை நடராஜன் கைக்குப் போனது.

ரஹானே குறையே இல்லாதவர் அல்ல. பிரிஸ்பேனில் லபுஷேன் 37-இல் கொடுத்த கேட்சை அவர் விட்டார், லபுஷேன் சதமடித்தார். மெல்போர்ன் சதத்துக்குப் பின் அவருடைய மட்டையும் மங்கியது, அணியில் இடமே கேள்வியானது. அணியில் மிகப் பெரிய பேட்ஸ்மேன் யாரோ அவரே கேப்டன் என்ற நம் பழைய வழக்கம் மாற வேண்டும் என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி. அடுத்த கேப்டனைத் தேர்வு செய்யும்போது தேர்வாளர்கள் சராசரிப் பட்டியலோடு மெல்போர்னின் அந்த முதல் ஒரு மணி நேரத்தையும் போட்டுப் பார்க்கட்டும்.

ரஹானே இந்தியாவை வழிநடத்திய டெஸ்ட்கள் 6. வெற்றி 4, டிரா 2, தோல்வி இல்லை.