ஒப்புக்குச் சப்பாணி

தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலை மாணவியரோடு வாசிக்கும்போதெல்லாம் பொருளடக்கத்திலேயே நின்றுவிடுகிறோம். ஆண்பால், பெண்பால், இருபால் என்று ஆட்டங்களை அவர் பால் பிரித்து அடுக்கியிருக்கிறார். தட்டாங்கல் பெண்பால் பகுதியில். பேய்ப்பந்து ஆண்பால் பகுதியில். பந்து கையில் கிடைத்தவர் அகப்பட்டவர் மேல் எறிய, மற்றவர்கள் உடம்பைக் காத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. டாட்ஜ்பால் என்ற பெயரில் இன்று உலகப் போட்டிகள்வரை போயிருக்கும் ஆட்டத்துக்கு நம் தெருவில் உள்ள நெருங்கிய சொந்தம். பாவாணரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்டதைத்தான் எழுதினார். ஆனால் அச்சில் ஏறிய பகுப்பு, யார் எதை ஆடலாம் என்ற விதிபோலத் தொனிக்கத் தொடங்கிவிடுகிறது.

பழைய இலக்கியத்தில் பெண்கள் பந்தாடாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் கந்துகவரி இருக்கிறது. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து வீதிக்கு உருண்டு வந்துதான் அவளுக்கும் சீவகனுக்கும் கதை தொடங்குகிறது. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடித்துக்கொண்டே நம் முன் வருகிறாள். பெருங்கதையில் போட்டியே நடக்கிறது, ஆனால் யார் அதிகத் தடவை அடித்தாள் என்ற எண்ணிக்கைப் போட்டி. இவை எவற்றிலும் பந்து இன்னொருத்தி மேல் படுவதில்லை. தரைக்குப் போய்க் கைக்குத் திரும்புகிறது. வளையும் கூந்தலும் இடையும் என்ன ஆகின்றன என்பதில்தான் கவிஞருக்கு அக்கறை. எதிராளி இல்லாததால் ஆட்டமிழக்க யாருமில்லை. வகுப்பில் இவற்றின் சந்தத்தை ரசித்துத்தான் நடத்துகிறேன், பொய் சொல்லவில்லை. இருந்தாலும் எறியும் கை ஒன்றாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டே நடத்துகிறேன்.

அமெரிக்கப் பெண்ணியத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தலைப்பைத் தமிழில் ‘பெண்பிள்ளை போல எறிதல்’ எனலாம். பெண் பந்தை எறியும்போது முழு உடம்பையும் ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்கிறார். விடை தசையில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது. தன் உடம்பைத் தானே பார்க்கப்படும் பொருளாகக் காணப் பழகியவள் கையை முழுதாக வீசமாட்டாள். எதிரே வரும் பந்தையும் தன்னைத் தாக்க வருவதாகவே உணர்ந்து குனிகிறாள் என்கிறார். வசந்தவல்லியைப் படித்த பிறகு இதைப் படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

அதே யங் 1990இல் ஒடுக்குமுறையின் ஐந்து முகங்களைப் பட்டியலிட்டார்: சுரண்டல், ஓரங்கட்டல், அதிகாரமின்மை, பண்பாட்டு ஆதிக்கம், வன்முறை. 2019இல் வான்கூவரில் கனடியக் கல்வியாளர்கள் சிலர் இந்த ஐந்தையும் டாட்ஜ்பாலில் பொருத்திக் காட்டினார்கள். பள்ளி ஒப்புதலோடு நடக்கும் கொடுமை இது என்பது அவர்கள் வாதம். அமெரிக்க உடற்கல்வியாளர் அமைப்பான ஷேப் அமெரிக்காவும் 2017இல், பள்ளி உடற்கல்விக்கு இந்த ஆட்டம் உகந்ததல்ல என்றது. கட்டாய வகுப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பயந்த பிள்ளைதான் முதலில் அடிபடும், மீதி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் விரும்பி வந்து ஆடும் பொழுதுபோக்குக் குழுக்களின் விதிகளை யங்கின் முதல் கட்டுரையோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. எதிர்த் தரப்பு எறிந்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் எறிந்தவர் அவுட். பிடித்தவரின் தரப்பில் வெளியே போன ஒருவர் உள்ளே வருவார். இங்கே பந்து உண்மையாகவே நம்மைத் தாக்கத்தான் வருகிறது, குனிவதில் தவறில்லை. ஆனால் அதை நோக்கிக் கை நீட்டுகிறவளுக்கு அதிகம் கிடைக்கிறது. இன்னொரு மரபு: பந்து பட்டதா இல்லையா என்று பட்டவரே சொல்லி வெளியேற வேண்டும். உன் உடம்புக்கு நேர்ந்ததற்கு உன் வாய்ச்சொல்லே சாட்சி. பெண்ணின் சாட்சியத்தை இவ்வளவு எளிதாக ஏற்கும் மன்றம் வேறு எங்கே இருக்கிறது?

காங்கேயத்தில் நான் வளர்ந்த வீட்டை ஒட்டித் தேங்காய்க் களம். கொப்பரை அள்ளிய பிறகு சாயங்காலம் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அங்கே ரப்பர் பந்தால் எறிந்து விளையாடுவார்கள். அழுது அடம்பிடித்து நானும் சேர்ந்தேன். “நீ சும்மா நில்லு அம்மிணி, உனக்கு அவுட்டெல்லாம் கெடையாது” என்றான் ஒருவன். என் மேல் எறிவதானால் முட்டிக்குக் கீழேதான் என்று அவர்களாகவே விதியும் செய்தார்கள். பட்டாலும் கணக்கில்லை. ஒப்புக்குச் சப்பாணி. ஊனத்தைக் கேலியாக்கும் அந்தச் சொல்லை இப்போது வாய் தயங்கித்தான் சொல்கிறது, ஆனால் நான் நின்ற இடத்துக்கு வேறு பெயரில்லை. அதைப் பெருந்தன்மை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் பந்து என் தோளில் பட்டதும் “நான் அவுட்டு” என்று கோட்டுக்கு வெளியே போய் நின்றேன். சிரித்தார்கள். திரும்ப உள்ளே இழுத்து விட்டார்கள். கோபித்துக்கொண்டு அழுதபோது ‘அழுகுணி’ என்ற பட்டம் வந்தது. பட்டதை மறைத்து ஆடிய பையனுக்கோ ‘போங்கு’ என்ற பெயர் மட்டும்தான். அதிலும் பாதி மெச்சுதல்.

இதை அநியாயக் கதையாகப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அதில் எப்போதும் விடுபட்ட ஒன்று உண்டு. களத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. தேங்காய் உடைக்க வரும் அம்மாவோடு என் வயதுப் பெண் ஒருத்தி வருவாள், வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய்த் தொட்டி பொறுக்கிக்கொண்டிருப்பாள். பந்து வேலி தாண்டினால் அவள்தான் எடுத்துப் போடுவாள். உள்ளே வரக்கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி. இடது காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, கையை முழுதாகப் பின்னுக்கு இழுத்து எறிவாள். பந்து களத்தின் மறுகோடியில் போய் விழும். எங்களில் ஒருவருக்கும் அந்தக் கை இல்லை, அண்ணனுக்கும் இல்லை. ஆட்டத்துக்கு ஆள் குறைந்த நாட்கள் எத்தனையோ இருந்தன. ஒப்புக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.