கத்தரிக்கோலின் ஓரவஞ்சனை

சிறுவர் நூல்களில் பிறர் மனத்தைப் புண்படுத்தும் பகுதிகளை நீக்கிவிடலாமா என்னும் வினா, 2023இல் ரோல்ட் தாலின் கதைகளைப் பஃபின் பதிப்பகம் திருத்தியபோது பெரிதாக எழுந்தது. நமக்கு இது புதிதன்று. சூலக்கரையில் சிறுவர்களாயிருந்த எங்களுக்குச் சிவகாசியின் முத்து காமிக்ஸும், டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸும் வாசிப்புப் பள்ளிகளாயிருந்தன. அப்பக்கங்களிலேயே இவ்வினா விடையின்றிக் கிடந்தது.

லீ ஃபாக் 1936இல் படைத்த வேதாளர் கதையை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் அவரது நாடு பெங்காலா. கடற்கொள்ளையர் ‘சிங்’ கூட்டத்தார். தந்தையைக் கொன்றவன் ராமா. இந்திரஜால் பதிப்பில் நாடு டெங்காலி ஆயிற்று. சிங் சிங்கா ஆயிற்று. ராமா ராமாலு ஆனான். நம்மவர் மனம் நோகலாகாது என்ற கவனம் இதில் புலப்படுகிறது. ஆனால், வெள்ளையின முகமூடி வீரரைச் சாவில்லாதவரென நம்பி அஞ்சி நிற்கும் கறுப்பினப் பழங்குடியினரின் சித்திரத்தை அக்கத்தரிக்கோல் தீண்டவில்லை. தன் பெயரைக் காத்துப் பிறர் முகத்தைக் கைவிடும் தணிக்கையை அறம் என்பது எங்ஙனம்?

மாண்ட்ரேக்கின் தோழன் லொதார் ஆப்பிரிக்க இளவரசன். எனினும் சிறுத்தைத்தோலும் உடைந்த பேச்சுமாகவே நெடுங்காலம் வரையப்பட்டான். 1965இல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் ஓவியப் பொறுப்பேற்றபின்னரே அந்நிலை மாறிற்று. எங்கள் வகுப்பின் கறுத்த தோழனை நாங்கள் ‘லொதார்’ என்றே அழைத்தோம். பட்டப்பெயரால் இழிவு செய்வதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தை மனனம் செய்த என் நாவும் அவ்வாறே அழைத்தது. அவனும் எங்களுடன் சிரித்தான். அச்சிரிப்பின் பொருள் பின்னாளிலேயே எனக்கு விளங்கியது.

ஆயின், அக்கதைகளை எரித்துவிடலாமா? வேண்டியதில்லை. ஓசையின்றி வெட்டப்பட்ட பக்கம் குற்றத்தையும் சேர்த்தே மறைத்துவிடும். அரபு நூன்மரபில் மூலத்தைச் சுரண்டாமல் ஓரத்தில் ‘ஹாஷியா’ எழுதுவர். மாணவன் இரண்டையும் சேர்த்தே பயில்வான். கறுப்பின மக்களின் பெருமையைப் பேசத் தனிநூலே இயற்றினார் 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்ஜாஹிழ். பழைய சித்திரக்கதைகளை மறுபதிப்புச் செய்வோர் ஓரக்குறிப்பொன்றைச் சேர்க்கட்டும்; அத்துடன் கறுப்பினச் சிறுவனே நாயகனாகும் புதுக்கதைகளையும் தரட்டும். எந்தச் சிறுவனும் தன் முகத்தை ஏவலாளாக மட்டுமே கண்டு வளரலாகாது.