களிமண்ணும் கலைஞன் கையும்

வீடியோ விளையாட்டுப் பாத்திரங்களைப் பாலிமர் களிமண்ணில் கையால் வனைவதை வெறும் நகலெடுப்பு எனத் தள்ளுவோர் உண்டு. இத்தீர்ப்பு அவசரமானது.

பாலிமர் களிமண் நிலத்து மண்ணன்று, பி.வி.சி.யும் நெகிழ்வூட்டியும் நிறமியும் சேர்ந்த செயற்கைப் பொருள். குயவனின் சூளை அதற்கு வேண்டாம். வீட்டுப் போறணையில் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பமே போதும்.

1981இல் 'டொங்கி கொங்' விளையாட்டில் தோன்றிய மரியோ ஒரு தச்சுத் தொழிலாளி. சில சதுரப் புள்ளிகளுக்குள் வாயை வரைய இயலாமையால் மீசை வந்தது. தலைமயிரை வரைவதைத் தவிர்க்கத் தொப்பி வந்தது. பொறியின் வறுமையே அங்கு உருவத்தைத் தீர்மானித்தது. அத்தட்டை உருவத்தை வனைபவனோ, திரை காட்டாத உடற்கனத்தையும் தோளின் சாய்வையும் தானே கற்பனை செய்தாக வேண்டும். அவ்விடத்தில் நகல் முடிந்து சிருஷ்டி தொடங்குகிறது.

ஆயினும் கைத்திறன் மட்டுமே கலையாகிவிடாது. கொம்பனித்தெருவை எண்ணிப் பாருங்கள். 2010 மே மாதம் அங்கு மியூஸ் வீதியில் குடியிருந்தோரின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. இன்று வானளாவும் மாடிகள் அப்பகுதியின் பழைய வாழ்வை மறைத்து நிற்கின்றன. அத்தெருவின் இளைஞர்கள் மரியோவை வனையட்டும், அதில் குற்றமில்லை. ஆனால், திரை காட்டாததைத் தேடிக் கண்ட விரல்கள், மாடிகள் மறைத்த மனிதரையும் தேட வேண்டாமா? வீடிழந்த தாயும் அவள் சுமந்து சென்ற பாத்திரம் பண்டமும் அக்களிமண்ணில் உருப்பெறும்போதே இக்கைவேலை மக்கள் கலையாகும்.